சாரலில் உடைந்த ஸ்பிரிங்

எங்கள் வீட்டு கார் ஷெட்டில் ஷட்டரின் ஸ்பிரிங் உடைந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை, சந்தோஷம்தான் பட்டேன். சாரல் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். எதிர்வீட்டில் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து, வடிதட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எதிர்வீட்டில் ஒன்றும் இல்லை. எங்கள் ஷட்டருக்கு மேலே, அது சுருண்டு ஏறும் இடத்தில், ஏதோ கிறீச்சிட்டு அடங்கியது. என் வீட்டுக்காரர் குனிந்து பிடியைப் பற்றித் தூக்கிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஷட்டர் ஒரு சாண்கூட ஏறவில்லை.

"ஸ்பிரிங் போயிட்டு" என்றார்.

ஷட்டர் மூடிக் கிடக்கிறது. கார் உள்ளே இருக்கிறது. "சாமியா பாத்துப் பூட்டிட்டாரு" என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த சந்தோஷத்துக்குக் காரணம் இருக்கிறது. அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை, ஃபேன் ஓடவில்லை, ஆனால் பேப்பரின் வலது ஓரம் மட்டும் படபடவென்று ஆடியது. கேட்டதற்கு, "காத்து" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. பிறகு மடியில் சும்மா வைத்திருக்கும்போது அந்தக் கை பணம் எண்ணுவது மாதிரி பெருவிரலை மற்ற விரல்களில் உரசிக்கொண்டே இருக்கும். தென்காசியில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நரம்பு வியாதி, குணமாகாது, மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார். வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். இவர் அன்றைக்குத் திரும்பி வரும்போது காரை மெதுவாக ஓட்டினார். அவ்வளவுதான் அவர் குறைத்தது.

நான் ஏன் இவ்வளவு சொல்லுகிறேன் என்றால், அவர் பட்டாளத்தில் டிரைவர். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போகாத வீட்டை எண்ணிவிடலாம். அதனால் பட்டாளத்துக்காரர் என்பதில் பெருமை ஒன்றும் தனியாகக் கிடையாது. ஆனால் இவர் பனிமலையில் லாரி ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவில் ராத்திரியெல்லாம் ஓட்டியவர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவரும் அந்தப் பேச்சைத் தடுத்ததில்லை. ஓய்வு பெற்று வந்து மேலகரத்தில் வீடு கட்டியபோது படுக்கையறையை விட கார் ஷெட்டைத்தான் பெரிதாகக் கட்டினார். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் இந்த வீட்டுக்கு ஃபியூஸ் போட்டது, குழாய்க்கு வாஷர் மாற்றியது, ஓடு மாற்ற ஆள் பிடித்தது எல்லாம் நான். அவர் வந்து சேர்ந்த மறுநாளே ஸ்குரூ டிரைவர் என் கையை விட்டுப் போய்விட்டது. அதற்கு நான் கவலைப்படவில்லை. வேலை ஒன்று குறைந்தது என்றுதான் இருந்தேன்.

ஸ்பிரிங் உடைவதற்குச் சில நாள் முன்னால் அச்சன்புதூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டின் இரண்டு பக்கமும் வயல். ஸ்டீயரிங்கின் மேல் அவர் வலது கை அந்தப் பழைய எண்ணிக்கையைத் தொடங்கியது. கார் மெல்ல ஓரத்துக்குப் போனது. எதிரே தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நான் கத்தினேன். அவள் கட்டைப் போட்டுவிட்டு வாய்க்காலில் குதித்தாள். இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்று அவள் கேட்டது இன்னமும் என் காதில் இருக்கிறது. இவர் இறங்கி, புல்லுக்கட்டைத் தூக்கிக் கரையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் நான் கையை நீட்டினேன்.

"சாவியத் தாங்க."

"எதுக்கு?"

"இன்னிக்கு அவ குதிச்சா, பொழச்சா. நாளைக்கு எவளாவது குதிக்காம நின்னுட்டான்னா?"

அவர் தரவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே குளிக்கப் போனார், சட்டையோடு. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சோறு போட்டால் சாப்பிடுவார், காப்பி வைத்தால் குடிப்பார். இந்த நிலைமையில்தான் ஸ்பிரிங் உடைந்தது.

சாயங்காலம் காப்பி குடித்தபடி அவராகவே வாயைத் திறந்தார்.

"இந்த ஸ்பிரிங்க நானே மாத்துதேன். வேற எவனும் கை வைக்கக் கூடாது. நல்லபடியா மாத்திட்டேன்னா நீ இனிமே சாவியக் கேக்கக் கூடாது. முடியலன்னா நானே ஒங்கையில தந்துருதேன்."

"வாக்கு மாற மாட்டியளே?"

"ஏட்டி, நான் என்னைக்கு வாக்கு மாறியிருக்கேன்?"

அது உண்மைதான். பிடிவாதத்துக்குக் குறைச்சல் கிடையாதே தவிர சொன்ன சொல் மாறமாட்டார். அவரை யாரும் தோற்கடிக்க முடியாது, அவரே போட்ட நிபந்தனையில் அவரே தோற்றால்தான் உண்டு என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். சட்டைப் பித்தானைப் போட அந்தக் கை படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவள் நான். ஸ்பிரிங்காவது மாற்றுகிறதாவது.

மறுநாள் தென்காசிக்கு பஸ்ஸில் போனோம். சீசன் நேரம். குற்றாலம் போகிற கூட்டம் துண்டும் சோப்பு டப்பாவுமாக எங்கள் பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றது. ஷட்டர் செய்கிற பட்டறைக்காரர் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். நான் பேனாவில் இருப்பது போலக் கம்பிச் சுருள் என்று நினைத்திருந்தேன். இது பட்டையான இரும்பு நாடா. தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி, பிரிந்துவிடாமல் கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருந்தது. ஷட்டரைக் கீழே இழுக்கும்போது இது முறுக்கேறும், தூக்கும்போது அந்த முறுக்கு பாதிப் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினார். சாரலில் துரு ஏறித்தான் உடைந்திருக்கும் என்றும், ஷட்டரில் இருக்கிற இரண்டில் இன்னொன்றும் சீக்கிரம் போய்விடும், இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் நல்லது என்றும் சொன்னார். அது வரைக்கும் இவர் தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

"எங்க ஆளுக ரெண்டு பேர அனுப்புதேன் அண்ணாச்சி. முறுக்கு ஏத்துறதுதான் பேஜாரு. கை தவறுச்சுன்னா ஆளையே தூக்கிரும்."

"பட்டாளத்துல பீரங்கியே கழத்தி மாட்டியிருக்கேன், ஒங்க ஸ்பிரிங் என்ன செஞ்சிரும்?"

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பீரங்கியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரரும் அவர் தம்பியும் வந்திருந்தார்கள். நாலு பேருமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினோம். மேலே ஏறிய சுருளை நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். பிறகு அதைத் தாங்குகிற நீளக் குழாயை இறக்கி, பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றினார்கள். உடைந்த நாடா கறுப்பாக, ஓரமெல்லாம் அரித்து, தொட்டால் கையில் துரு ஒட்டியது. புதியவற்றைக் குழாயில் இருக்கும் இரும்புப் பெட்டிகளுக்குள் பொருத்தி, குழாயை மறுபடியும் சுவரில் இருக்கும் தாங்கிகளில் தூக்கி வைத்தார்கள். எல்லாம் அவர் சொல்லச் சொல்லத்தான் நடந்தது. அதிகாரம் பண்ணுவதில் அவருக்கு எந்த வியாதியும் வரவில்லை என்று நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இவரும் சிரித்தமாதிரிதான் இருந்தது.

முறுக்கு ஏற்றுகிற வேலைதான் பாக்கி. அப்போது பின்தெருவில் சங்கு ஊதியது.

இறந்துபோனவரும் பட்டாளத்துக்காரர்தான். இவருக்கு மூத்தவர். மீசை முளைக்காத வயதில் இவரைக் கையைப் பிடித்து ரயிலேற்றி, ஆள் சேர்க்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தார், அதனால் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் தம்பியும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். எழவு வீட்டுக்குப் போகாமல் ஷட்டர் மாட்டிக்கொண்டிருந்தான் என்று பேர் எடுக்க யாருக்கும் தைரியம் வராது.

"வந்து பாத்துக்கிடலாம் அண்ணாச்சி, கெடக்கட்டும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நீங்களும் போயிட்டு வாங்க" என்றேன் நான். "ஒங்களக் கூட்டிட்டுப் போன மனுசன்."

இவர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "தூக்க மத்தியானம் ஆயிரும். வாசலத் தெறந்து போட்டுட்டு எப்படிப் போறது? மாத்திரை இப்பந்தான் போட்டிருக்கேன். கை நல்லாருக்கு. முடிச்சிட்டு, குளிச்சிட்டு, நேரா சுடுகாட்டுக்கே போயிருதேன்."

மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவர் கை அடங்கி நிற்கும். அந்த நேரம் தாண்டினால் மறுபடி ஆட்டம்தான். அவருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. "யாரு பிடிப்பா?" என்று கேட்டேன். அவர் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

வேலை இப்படி. அவர் இரும்பு மேசையின் மேல் நின்று, குழாயைப் பெரிய ரெஞ்சால் கவ்விக் கீழ்ப்பக்கமாக அழுத்திச் சுற்றுவார். குழாய் சுற்றச் சுற்ற உள்ளே நாடா முறுக்கேறும். ரெஞ்சு கீழே வந்ததும் "இறுக்கு" என்பார். பக்கத்தில் ஸ்டூலில் நிற்கும் நான் தாங்கியில் இருக்கிற நட்டை இறுக்குவேன். குழாய் நிற்கும். அவர் ரெஞ்சைக் கழற்றி மறுபடி மேலே கவ்வுவார். "இளக்கு" என்பார். நான் நட்டை இளக்குவேன். அந்த நேரத்தில் முழு முறுக்கும் அவர் இரண்டு கையில்தான். மறுபடி சுற்று.

"ரெஞ்சு போற வழியில நிக்காத" என்றார்.

"பின்ன நட்டுக்கு எப்படிக் கை எட்டும்? பறந்துக்கிட்டா முடுக்குவேன்?"

"தலைய மட்டும் அந்தால வச்சுக்கோ."

இறுக்கு, இளக்கு, இறுக்கு, இளக்கு. வெளியே மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது. மலையிலிருந்து இறங்கிய காற்று ஷெட்டுக்குள் ஈரமாக வந்துபோனது. முறுக்கு ஏற ஏற குழாயில் ஒரு முனகல் கேட்டது. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. மடியில் சும்மா கிடக்கும்போது பதறுகிற அந்தக் கை, பாரம் ஏறியதும் உத்திரம் போல நின்றது. நரம்பெல்லாம் புடைத்து, விரல்கள் வெளுத்து, ஒரு அசைவு இல்லை. அது இந்த வியாதியின் குணம், சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் அதிகம் என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. நான் பந்தயத்தில் தோற்றுக்கொண்டிருந்தேன், தோற்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. லீவில் வந்து இறங்கும்போது டிரங்குப் பெட்டியை ஒற்றைக் கையால் தோளில் ஏற்றுவாரே, அந்த மனுஷன் மேசைமேல் நின்றார். கார்தானே, ஓட்டிவிட்டுப் போகட்டும், பக்கத்தில் நான் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றுகூட நினைத்துவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு ரெண்டு சுத்து. இளக்கு" என்றார்.

நான் நட்டை இளக்கினேன். அதே நேரம் தெருமுனையில் சேகண்டியும் சங்கும் கேட்டன. எமகண்டத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று மத்தியானம் வரை வைக்காமலே தூக்கிவிட்டார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும்.

பிணம் வரும்போது வாசலைச் சாத்திவிட வேண்டும். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள், வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள், போன பிறகு தண்ணீர் தெளித்துவிட்டுத் திறப்பார்கள். எங்கள் வாசலோ ஷட்டரைச் சுருட்டிக் கட்டி, ஆவென்று திறந்து கிடந்தது. எனக்குப் பதறியது. சாத்த வழியில்லை. சாத்தத்தான் முடியவில்லை, வேலையையாவது நிறுத்த வேண்டாமா? ஒரு உயிர் கடைசியாகத் தெருவைக் கடந்து போகும்போது ஸ்பேனரைத் திருகிக்கொண்டா நிற்பது? நான் ஸ்பேனரை நட்டின் மேல் வைத்தபடி அசையாமல் நின்றேன். நட்டு இளகியே இருந்தது.

ஊர்வலத்தின் முன்னால் பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். வயசானவர்கள். தலையில் தொப்பி, சட்டையில் மெடல், காலில் சாரல் சேறு. முழங்காலை மடக்க முடியாதவர்கள்கூட இரண்டு வரிசையாக அணிவகுத்து வந்தார்கள். பின்னால் பூத்தேரில் பிணம். இவர் அவர்களைப் பார்த்தார். கூன் விழ ஆரம்பித்திருந்த முதுகு நிமிர்ந்தது. குதிகால் இரண்டும் மேசைமேல் ஒட்டின. வலது கை ரெஞ்சை விட்டுவிட்டு நெற்றிக்குப் போனது.

எத்தனையோ வருஷம் பழக்கிவிட்ட கை அது. யாரையும் கேட்கவில்லை.

இடது கை ஒன்றால் அந்த முறுக்கைப் பிடிக்க முடியாது. ரெஞ்சு சுழன்று வந்ததை நான் பார்க்கவில்லை, காற்றைத்தான் உணர்ந்தேன். தலையை அந்தப் பக்கம் வைத்திருந்ததால் தலை தப்பியது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. பிறகு தரையில் கிடந்தேன். மேலே குழாய் கடகடவென்று முறுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கயிறு மட்டும் அறுந்திருந்தால் ஷட்டர் முழுவதும் என்மேல் வந்திருக்கும். கயிறு தாங்கியது.

தேர் நிற்கவில்லை, நடுவழியில் நிற்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரும் தம்பியும் மட்டும் வரிசையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல மயினி. வாசல்ல தண்ணி தெளிங்க, தண்ணி தெளிங்கன்னுதான் கெடந்து கத்துனிய."

ஆட்டோவில் தென்காசிக்குப் போனோம். காறை எலும்பு முறிந்திருந்தது. கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். வழி நெடுக இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இப்போது அந்தக் கை முழங்கால் மேல் கிடந்து துள்ளியது, ஆட்டோவின் குலுக்கலிலும் அது தனியாகத் தெரிந்தது.

சென்னையிலிருந்து எங்கள் மகள் மறுநாளே வந்துவிட்டாள். ஒரே பிள்ளை, வாயில் என்னை உரித்துவைத்தவள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

"நடுங்குற கைய வச்சுக்கிட்டு அவுகதான் ஏறுனாகன்னா, நீயும் கூடப் போயி நிப்பியாம்மா?"

"கை நடுங்கல. சல்யூட் அடிச்சாவ" என்றேன்.

"நீ எப்பமும் அவுகளுக்குத்தான் பரிஞ்சு பேசுவ."

தெருவும் அதையேதான் சொன்னது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, அவர் கையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சி, என்ன செய்ய முடியும்" என்றார்கள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. அந்தக் கை உத்திரம் போல நின்றதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், என் சொல்லை எவரும் கேட்கவில்லை. வலியைவிட அது பெரிய எரிச்சலாக இருந்தது. பிழை என்றால் எனக்கும் அதில் பங்குண்டு. அவர் சல்யூட் அடிக்க நின்றார் என்றால் நான் மரியாதைக்கு நின்றேன். நட்டை மட்டும் இறுக்கியிருந்தால் அவர் இரண்டு கையாலும் கும்பிட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது.

மகள் மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கார் சாவியை என் இடது கையில் வைத்தார். வலது கை கட்டுப் போட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்றேன். "நீங்கதான ஜெயிச்சிய. கை நடுங்கலையே. நான் பாத்தேம்லா."

"நடுங்கல."

"பின்ன என்ன? ஊர்ல சொல்லுதவன் சொல்லிட்டுப் போறான். ஒரு நிமிசம் தவறிப் போச்சு. நானும் நட்ட முடுக்காமதான நின்னேன்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நடுங்கியிருந்தா பரவால்லட்டி. அதுக்கு மாத்திரை இருக்கு" என்றார். "கைய எடுக்கும்போது நீ அங்கன நிக்கது எனக்கு ஞாபகத்துலயே இல்ல. மறந்து எடுத்துட்டேன்னுகூட இல்ல. அந்த நிமிசம் நீ அங்கன இல்லவே இல்ல. ரெஞ்சும் இல்ல, வீடும் இல்ல. அவரு போறாரு, நான் நிக்கேன், அம்புட்டுதான். ஒன்னையே மறந்தவன், ரோட்டுல போறவள எங்கட்டி ஞாபகம் வச்சுக்கிடப் போறேன்?"

திட்டுவதற்கு நான் நிறைய சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் "எல்லாருக்கும் மறக்கத்தான் செய்யும்" என்றேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கை நடுங்கித்தான் அடித்துவிட்டார் என்று ஊர் சொன்னதை நானும் நம்பித் தொலைத்திருக்கலாம். எலும்பு வலிக்கு ஊசி போட்டார்கள். 'நீ அங்கன இல்லவே இல்ல' என்றதற்கு எதைப் போடுவது?

பட்டறை ஆட்கள் வந்து முறுக்கேற்றி, கிரீஸ் தடவிவிட்டுப் போனார்கள். மகள் ஆள் வைத்துக் காரைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டாள். ஷெட்டில் இப்போது கொடி கட்டித் துணி காயப் போடுகிறோம். சாரல் காலத்துக்கு அது வசதிதான். என் தோள் கூடிவிட்டது, குடம் மட்டும் தூக்க முடிவதில்லை.

அவர்தான் சரியாகவில்லை. வீட்டில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் குரல் கொடுக்கிறார். கதவைச் சாத்துவதற்கு முன்னால், பரணிலிருந்து பெட்டி இறக்குவதற்கு முன்னால், தேங்காய்க்கு அரிவாளை ஓங்குவதற்கு முன்னால், "எங்கன நிக்க?" என்று கேட்பார். நான் "அடுக்களைல" என்றோ "கொல்லைல" என்றோ சொன்ன பிறகுதான் கை நகரும். முதலில் எனக்குப் பரிதாபமாக இருந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. நாள் முழுவதும் ஆஜர் சொல்லிக்கொண்டிருக்க நான் என்ன பட்டாளத்திலா இருக்கிறேன்?

ஒருநாள் ஷெட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "எங்கன நிக்க?" என்று கேட்டது. மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று பேசாமல் இருந்தேன். மறுபடி கேட்டது. அதற்கும் பேசவில்லை. சேலையை உதறிப் போட்டேன், போர்வையைப் பிழிந்து போட்டேன், கிளிப்பெல்லாம் மாட்டினேன். அதன் பிறகு சத்தமே இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனேன்.

பீரோவின் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சாத்தவும் இல்லை, விடவும் இல்லை. நான் துணியெல்லாம் போட்டு முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறார். வேஷ்டி எடுக்கத்தான் திறந்திருக்கிறார், அது தோளில் கிடந்தது. வேர்த்திருந்தது.

"இந்தா, இங்கனதான் நிக்கேன்" என்றேன் நான், அறை வாசலில் நின்றுகொண்டு. "சாத்துங்க."

என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்.

நான் கூடம் வரைக்கும் பின்னால் போய் நின்றேன். அப்புறம்தான் சாத்தினார்.